லோத்தருக்கு ஒரு கால்சட்டை

கடைக்காரப் பெண் எடுத்து நீட்டிய கால்சட்டையைப் பார்த்ததும் லோத்தர் இரண்டடி பின்வாங்கினான்.

"இது கால்சட்டையா, காலுக்கு உறையா?"

"யோகாவுக்கு இதுதாங்க நல்லது. இழுத்த இழுப்புக்கு வரும். குனிஞ்சு நிமிரும்போது சுருண்டு மேலே ஏறாது. கால் எப்படி நிக்குதுன்னு டீச்சருக்கும் தெரியும்."

"என் காலை எவளும் பாக்க வேண்டாம். தொளதொளன்னு ஏதாவது குடும்மா."

பக்கத்தில் நின்ற அவன் மனைவி கெர்லிண்டாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜெர்மனியின் வார்னமுண்டே கடற்கரையில், துணியில்லாமல் குளிக்கிற பகுதியில், கல்யாணமான வருஷத்திலிருந்து கோடைக்குக் கோடை பிறந்தமேனியாகப் பந்தாடியவன் இந்த மனுஷன். தபால்காரி முதல் பாதிரியார் வரை ஊரே அவனை முன்னும் பின்னும் பார்த்தாயிற்று. போன கோடையில்தான், ஜெல்லிமீன் அதிகம் என்று சொல்லிக் கடல் பக்கமே வரவில்லை. இப்போது கெண்டைக்காலைக் காட்ட வெட்கமாம். யானை போயாயிற்று, வால் போக மாட்டேனென்கிறதாம்!

"உனக்கு வெக்கம்னு ஒண்ணு இருக்கறதே இன்னிக்குத்தான் தெரியும்" என்றாள்.

"அறுபத்தெட்டு வயசுல முளைக்கக் கூடாதுன்னு சட்டமா?"

அவள் சண்டையை வளர்க்கவில்லை. யோகாவுக்கு அவனைச் சம்மதிக்க வைத்ததே பெரும்பாடு. முதுகெலும்பில் ஒரு வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்று டாக்டர் படம் போட்டுக் காட்டியிருந்தார். இப்போதைக்குப் பயிற்சி செய்து பார்க்கலாம், ஆனால் கால் மெலிந்தாலோ, பெருவிரலைத் தூக்க முடியாமல் போனாலோ அன்றைக்கே ஓடி வர வேண்டும். ஆபரேஷனைத் தள்ளிப்போட்டால் போன கால் போனதுதான் என்றார். லோத்தருக்கு ஆபரேஷன் என்ற சொல்லே ஆகாது. அவன் அண்ணன் முதுகு ஆபரேஷனுக்கு நடந்து போய், சக்கர நாற்காலியில் திரும்பி வந்தவர்.

அதனால் தினமும் காலையில் அவள் அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பாள்: "விரல் தூக்குதா?" போர்வைக்குள்ளிருந்து பதில் வரும்: "கொடி மாதிரி ஏறுது, நீ காபியைப் பாரு!" சமீபமாக அவனுடைய இடது செருப்பு தரையில் சரக் சரக் என்று உரசுகிறது. கேட்டால் செருப்பு லூசு என்பான். புதுச் செருப்பும் வாங்கிக் கொடுத்துவிட்டாள்.

அந்தக் கடையில் பாய் வாங்கியது இன்னொரு கூத்து. மெல்லிசுப் பாய் முழங்காலைக் குத்தும், மெத்துமெத்தென்ற பாயில் ஒற்றைக் காலில் நின்றால் ஆடும், நடுத்தரம்தான் சரி என்றாள் அந்தப் பெண். உள்ளங்கையை அழுத்தித் தள்ளிப் பார்க்கச் சொன்னாள், வழுக்கினால் வேண்டாமாம். லோத்தர் கடை நடுவிலேயே பாயை விரித்து மல்லாந்து படுத்துவிட்டான். ஆட்கள் அவனைச் சுற்றிப் போனார்கள்.

"இது என்ன, வார்?"

"கை காலுக்கு எட்டாதவங்க பாதத்துல மாட்டி இழுத்துக்கலாம்."

"எனக்குக் கப்பல் கட்டுற கயிறே பத்தாதேம்மா."

அவள் சிரித்தாள். "முதல்ல பாயும், கை ஊன்ற ஒரு தக்கைக் கட்டையும் போதுங்க. மத்ததெல்லாம் வகுப்புலயே இருக்கும். ஒரு மாசம் போய்ப் பாருங்க, பிடிச்சா வாங்கலாம்." வியாபாரம் தெரியாத பெண்ணோ, ரொம்ப நல்ல பெண்ணோ. கெர்லிண்டாவுக்கு அவளைப் பிடித்துவிட்டது.

தொளதொளக் கால்சட்டையைப் போட்டுப் பார்க்க உள்ளே போனவன் திரையை இழுத்து மூடிக்கொண்டான். இடுப்பு சரியா என்று கெர்லிண்டா திரையை விலக்கித் தலையை நீட்டினாள்.

"வெளிய போ!"

கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவள் விக்கித்துப் போனாள். சத்தமாக ஒரு சொல் பேசாத மனுஷன். மூடிய திரையை உள்ளிருந்து அவன் கைகள் இறுகப் பிடித்திருந்தன. 

செவ்வாய்க்கிழமை வகுப்பு. ஊர் நீச்சல் குளத்து மாடியில், சௌனா என்ற நீராவிக் குளியலறையை ஒட்டிய ஓய்வறையில். துணை வேண்டாம் என்று அவன் ஒரேயடியாகச் சொல்லிவிட்டதால் அவள் கீழே காபிக் கடையில் உட்கார்ந்தாள். குளத்துக்குப் போகும் பழக்கத்தில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போனான். அரைக் கோப்பை காபி இறங்கிய பிறகுதான் மேஜைக்கடியில் பையைப் பார்த்தாள். பாய், கட்டை, கால்சட்டை எல்லாம் அதில் இருந்தன. மறதிக்காரன்! பையைத் தூக்கிக்கொண்டு முன்படி வழியாக மாடி ஏறினாள்.

கதவைத் திறந்தவள் அப்படியே நின்றாள்.

பாய்களின் மேல் பத்துப் பன்னிரண்டு பேர், கையைத் தூக்கியவர் தூக்கியபடி, வாயைத் திறந்தவர் திறந்தபடி. நடுவில், அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தோளில் துண்டு மட்டும் கிடக்க, லோத்தர். உடம்பில் ஒரு நூல் இல்லை.

"வாசல்ல போர்டு வச்சிருக்கீங்களே!" என்று சின்னப் பெண்ணான டீச்சரிடம் அவன் வாதாடிக்கொண்டிருந்தான். "இந்த இடத்துக்கு அப்பால துணி கூடாதுன்னு பெரிய எழுத்துல! நான் கழட்டி மாட்டிட்டு வரேன், நீங்க எல்லாரும் சட்டையோட உக்காந்திருக்கீங்க. விதின்னா எல்லாருக்கும்தானே விதி?"

"அது... அது சௌனாவுக்குங்க" என்றாள் மைக்கே டீச்சர், கூரையைப் பார்த்துக்கொண்டு. "யோகாவுக்கு முன்படி வழியா வரணும். மெயில்ல எழுதியிருந்தேனே."

மெயில்! அதைத் திறந்து பார்க்கிற ஆளா இவன்? சௌனா வழியாகவே இத்தனை வருஷம் மாடி ஏறிப் பழகியவன். கெர்லிண்டாவுக்கு முகம் கொதித்தது. துணியில்லாமல் நிற்பது அவளுக்குப் பெரிதல்ல. இத்தனை பேர் சிரித்தால் இவன் இனி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பானா? யோகாவும் போச்சு, எல்லாம் போச்சு. ஓடிப்போய்ப் பையைக் கொடுக்கக் காலெடுத்து வைத்தாள்.

அப்போதுதான் அவள் கண் கீழே இறங்கியது.

வலது கெண்டைக்கால் வெல்டராக நின்று உழைத்த லோத்தரின் கெண்டைக்கால்தான், கெட்டியாக, உருண்டையாக. இடதில் சதையே இல்லை. எலும்பின் மேல் தோல் தொங்கியது. அது ஏதோ நோயாளிக் குழந்தையின் காலை எடுத்து இவனுக்கு ஒட்டியதுபோல் இருந்தது. ஜெல்லிமீன். செருப்பு. திரை. மடச்சி, ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு இதைக்கூடப் பார்க்காமல் இருந்திருக்கிறாயே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

"லோத்தர்."

அவன் திரும்பினான். அத்தனை பேர் முன்னால் கூச்சமில்லாமல் நின்றவனுக்கு, அவளைக் கண்டதும் முகம் வெளிறியது. தோளிலிருந்த துண்டைப் பறித்து அவசர அவசரமாகக் குனிந்து மறைத்தான். இடது கெண்டைக்காலை மட்டும்.

யாரும் சிரிக்கவில்லை.

"எப்பலேருந்து?" என்றாள்.

"கோடையிலேருந்து." துண்டை விடவில்லை. "யோகா செஞ்சா திரும்பி வந்துரும்னு நெனச்சேன், கெர்லி. உன்கிட்ட சொன்னா நேரா ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போயிருவ."

"இழுத்துட்டுத்தான் போகப் போறேன். இப்பவே."

அவள் பையைத் திறந்து அந்தத் தொளதொளக் கால்சட்டையை எடுத்தாள். புது மடிப்புகூடக் கலையவில்லை. தரையில் மண்டியிட்டுத் துண்டை விலக்கினாள்.

"விரலைத் தூக்கு."

லோத்தர் வலது கால் பெருவிரலை ஆட்டிக் காட்டினான்.

"அது இல்ல, லோத்தர்" என்றாள்.