சிவப்பை மட்டும் திருப்பி அனுப்பும் தாள்

திவாகரனின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, லோரி ஓட்டுநர் வாசு வந்து வாசலோடு நின்றார். டயர் வெடித்து பத்தாங் பெர்ஜுந்தாய் சாலையோரம் நின்ற அவருடைய லோரியின் பின்னால்தான் திவாகரனின் மோட்டார்சைக்கிள் மோதியது.

"பின்னால சிவப்பு லைட்டு எரிஞ்சிச்சும்மா. போலீஸ்காரன் நம்ப மாட்றான். லைசென்ஸ் போயிரும், உள்ளயும் வச்சிருவானுங்களாம்."

"எரிஞ்சிச்சா?" திவாகரனின் அம்மா காளியம்மா சீறினாள். "மோதுறதுக்கு முன்ன அவன் பிரேக்கே போடலையாம். என் புள்ள குருடனாடா?"

திவாகரனின் மனைவி அன்பரசி உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ரவாங் தொழிற்சாலையில் அவள் செய்வது, லேசர் பட்டறைகளில் கண்ணைக் காக்க ஜன்னல் கண்ணாடிகளில் ஒட்டும் தாள். அதில் சாயம் கிடையாது. முடியைவிட மெல்லிய கோடிக்கணக்கான தூண்கள். அவற்றை அடுக்கிய விதமே சிவப்பு வெளிச்சத்தை மட்டும் திருப்பி அனுப்பிவிடும். மற்ற நிறமெல்லாம் உள்ளே வரும்.

மூலை கிழிந்த தாள் ஒன்றைச் சோற்று டப்பாவில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தவள் அவள்தான். வேலை முடிந்து மேற்கே வரும்போது வெயில் கண்ணில் குத்துகிறது என்று புருஷன் புலம்பியதால், அவன் ஹெல்மெட் கண்ணாடியில் அழகாக ஒட்டியும் கொடுத்தாள்.

"என்னாடி, ஒரே பச்சையா இருக்கு? எஸ்டேட்டையே மூஞ்சில ஒட்டிட்டியா?" என்று சிரித்தான்.

"சும்மா கெடைச்சதுக்குக் குத்தம் சொல்லாதீங்கலா."

விபத்து நடந்த அன்று வெயில் இல்லை. மழை இருட்டு. தூறலுக்குப் பயந்து கண்ணாடியை இறக்கியே வந்திருப்பான்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த ஹெல்மெட்டைக் கட்டிலுக்கடியில் தள்ளியவள், அந்தத் தாளால் இருக்காது என்று பதினைந்து நாள் தனக்கே சொல்லிக்கொண்டாள். துக்கத்துக்காக அணைத்திருந்த சாமி மேடையின் சிவப்பு பல்பை இன்று காலைதான் மறுபடி போட்டார்கள். யாருமில்லாத நேரம் பார்த்து, அந்தக் கண்ணாடி வழியாக அதைப் பார்த்தாள். ஹெல்மெட்டை மறுபடி கட்டிலுக்கடியில் தள்ள முடியவில்லை.

வாசு திரும்பிப் போகச் செருப்பைத் தேடினார். அன்பரசி ஹெல்மெட்டோடு வெளியே வந்தாள்.

"போகாதீங்கண்ணே." மாமியாரிடம் நீட்டினாள். "அத்தே, இது வழியா சாமி மேடையப் பாருங்க."

காளியம்மா பார்த்தாள். "ஏன், வெளக்கு அணைஞ்சிருச்சா?"

"இல்லத்தே. எரியுது."

காளியம்மா ஹெல்மெட்டைக் கண்ணுக்கு முன்னாலிருந்து இறக்கினாள். மறுபடி உயர்த்தினாள். மறுபடி இறக்கினாள்.

"யாருடி இத ஒட்டுனது?"

"நான்தான்," என்றாள் அன்பரசி. "போலீசுக்கு நானும் வர்றேண்ணே."