கூடுதல் ஒரு மணி நேரம்

பார்வை இல்லாதவர்களுக்கும் கை ஒத்துழைக்காதவர்களுக்கும் பரீட்சை எழுதிக் கொடுப்பவள் அவள். அவர்கள் வாயால் சொல்லச் சொல்ல இவள் தாளில் எழுதுவாள். பன்னிரண்டு வருடமாகச் சம்பளமில்லாத வேலை. அந்த வட்டாரப் பள்ளிக்கூடங்களில் ‘பேனாக்காரம்மா’ என்றால்தான் தெரியும்.

இதில் அவளை இழுத்துவிட்டது அவள் மகன்தான். பிறந்ததிலிருந்தே அவனுக்குக் கைவிரல்கள் நடுங்கும். பென்சிலைக் கொடுத்தால் எழுத்து தாளை விட்டு மேசைக்கு ஓடும். வீட்டுப்பாடம் முழுக்க அம்மாவின் கையெழுத்து. ஆனால் பரீட்சையில் சொந்தக்காரர்கள் எழுதக் கூடாது என்பது விதி. அதனால் அவனுக்கு யாரோ எழுதினார்கள். இவள் யாருக்கோ எழுதினாள். மகன் படித்து முடித்து, பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கி அறிவிப்பாளன் ஆன பிறகும் இவள் விடவில்லை.

அன்றைக்கு ஒரு தையல்காரிக்கு எழுதப் போயிருந்தாள். முப்பத்திரண்டு வயது. மூன்று வருடத்துக்கு முன் ஒரு காய்ச்சல் அவள் கண்ணைக் கொண்டுபோயிற்று. பள்ளி இறுதித் தேர்வில் வரலாறு ஒன்றுதான் பாக்கி.

மணி பத்துக்குத் தொடங்க வேண்டிய பரீட்சை. சத்தமாகச் சொல்லி எழுதுவதால் தனி அறை வேண்டும். மேற்பார்வையாளருக்கு அது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சாவியைத் தேடி, விளையாட்டுச் சாமான்கள் போட்டிருந்த அறையைத் திறந்துவிடும்போது பத்து இருபத்தைந்து. காற்றுப் போன பந்துகளை நகர்த்தி, கால் ஆடிய மேசையின் கீழ் அட்டையை மடித்து வைத்து உட்கார்ந்தார்கள். பேனாக்காரம்மா பல்லைக் கடித்துக்கொண்டாள். எழுத வந்தவள் வாய் திறக்கக் கூடாது, அதுவும் விதி.

தையல்காரி நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். ஒரு வரி முடிந்ததும், “அதைப் படிங்கக்கா” என்பாள். கேட்டு, திருத்துவாள். இப்படிப்பட்டவர்களுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாக உண்டு என்பதால் அவசரப்படவில்லை.

சரியாக ஒரு மணிக்கு மேற்பார்வையாளர் வந்து கையை நீட்டினார். “பேப்பரைக் குடுங்க.”

“இவங்களுக்கு ரெண்டு மணி வரைக்கும் இருக்குங்க.”

“எனக்கு அப்படி எந்த உத்தரவும் வரலை. எல்லாருக்கும் ஒரே மணிதான்.”

“வருஷா வருஷம் வருது சார். கொஞ்சம் பாருங்க.”

“ஏம்மா, நீங்க எழுதற கை. கைக்கு எதுக்கு வாய்?” என்று தாளின் நுனியைப் பிடித்து இழுத்தார்.

அவளுக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது. பதினோரு வருடத்துக்கு முன் மகனுக்கும் இதேதான் நடந்தது. எழுத வந்த பெண் பயந்துபோய் மணியடித்ததும் தாளைக் கொடுத்துவிட்டாள். நாலு மதிப்பெண்ணில் விஞ்ஞானம் போயிற்று, ஒரு வருடமும் போயிற்று. அன்று வெளிக்கதவருகே நின்றிருந்த இவள், விளக்கம் சொல்ல வந்த ஆசிரியரிடம் ‘சரிங்க சார், நன்றிங்க சார்’ என்று கும்பிடு போட்டுவிட்டு வந்தாள். அந்த நன்றி இன்னும் தொண்டையில் முள்ளாக நின்றது.

இப்போது இழுத்தால் தாள் கிழியும். வெடுக்கென்று பிடுங்கி, நாற்காலியில் போட்டு, அதன் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

“இப்ப எடுங்க பார்க்கலாம்! போய் உங்க தலைமையாசிரியரைக் கூட்டிட்டு வாங்க.”

மேற்பார்வையாளர் முகம் கறுத்தது. “இந்தப் பேப்பரையே ரத்து பண்ணிடுவேன்!”

“பண்ணுங்க! உங்க பேரை ஊரெல்லாம் நாறடிக்கலைன்னா...”

“அக்கா!” தையல்காரி மேசையைத் தட்டினாள். “போதும். ரத்து ஆனா வீட்டுக்குப் போறது நீங்களா, நானா? இது என் பரீட்சை. நான் பேசிக்கறேன்.”

பேனாக்காரம்மாவுக்குச் சுருக்கென்று தைத்தது. வாயை மூடிக்கொண்டாள். நாற்காலியை விட்டு மட்டும் எழவில்லை.

தலைமையாசிரியை வந்தார். தையல்காரி எழுந்து நின்று, உத்தரவின் எண், தேதி, மணிக்கு இருபது நிமிடம் என்ற கணக்கு எல்லாவற்றையும் ஒப்பித்தாள். யாரிடமோ படிக்கச் சொல்லிக் கேட்டு மனப்பாடம் செய்திருந்தாள். “காலையில இருபத்தஞ்சு நிமிஷம் அறை இல்லாம நின்னோம். அதையும் சேர்த்துக் குடுங்க மேடம்” என்றாள்.

உத்தரவு மேற்பார்வையாளரின் கோப்பிலேயே, உறை பிரிக்காமல் கிடந்தது. தலைமையாசிரியை அவரை ஒரு பார்வை பார்த்தார். மன்னிப்பு மட்டும் யார் வாயிலிருந்தும் வரவில்லை. சண்டையில் போன நேரத்தையும் சேர்த்து, மூன்று மணி வரை எழுதினார்கள். கசங்கிய தாளை நீவி விட்டுக்கொண்டே எழுதினாள் பேனாக்காரம்மா.

வீட்டுக்கு வந்தும் கொதிப்பு அடங்கவில்லை. பாத்திரங்கள் பட்டபாடு சொல்லி மாளாது. வேலை முடிந்து வந்த மகன் வாசற்படியிலேயே நின்று, “அம்மா, அந்தத் தட்டு என்ன தப்பு பண்ணுச்சு?” என்றான்.

எல்லாவற்றையும் கொட்டினாள். கடைசியில், “அன்னிக்கு உனக்காகவும் நான் சத்தம் போட்டிருக்கணும்டா” என்றாள்.

‘விடுங்கம்மா’ என்பான் என்று எதிர்பார்த்தாள்.

“போட்டிருக்கணும்தான்” என்றான் அவன். “ரொம்ப நாள் உங்க மேல கோபமா இருந்தேன். அப்புறம் என் மேலயும். எனக்கும் வாய் இருந்துச்சே.”

பிறகு அவன் சாப்பாடு கேட்டான்; அவள் போட்டாள்.

தையல்காரி தேறிவிட்டாள். அந்தச் செய்தி வந்த வாரத்திலேயே தேர்வு அலுவலகத்திலிருந்து ஒரு கடிதமும் வந்தது. ஒழுங்கீனமாக நடந்துகொண்டதால் தன்னார்வலர் பட்டியலிலிருந்து அவள் நீக்கப்படுகிறாள். இத்தனை ஆண்டு சேவைக்கு நன்றி. மேற்பார்வையாளரைப் பற்றி ஒரு வரி கிடையாது.

“நன்றியாம்!” என்று கடிதத்தை மகன் பக்கம் வீசினாள்.

அடுத்த பரீட்சை நாளில் அந்த உத்தரவை நூறு நகல் எடுத்துக்கொண்டு பள்ளி வாசலில் நின்றாள். பிள்ளைகளுடன் வந்த அம்மாக்களிடமும், பரீட்சைக்கு வந்தவர்களிடமும் ஆளுக்கொன்று கொடுத்தாள். “மணியடிச்சாலும் குடுக்காதீங்க. இதைக் காட்டுங்க. நீங்களே பேசுங்க.”

காவலாளி வந்து, “இங்க நிக்கக் கூடாதும்மா” என்றான்.

“எங்க நிக்கலாம்?”

அவன் தெருவின் எதிர்ப்பக்கத்தைக் காட்டினான். அங்கே போய் நின்று, உள்ளே போகிறவர்களைக் கூப்பிட ஆரம்பித்தாள். இப்போது இன்னும் சத்தமாகக் கூப்பிட வேண்டியிருந்தது.