தண்ணிகுடிச்சான்

ரோசாச் செடியின் மேல் சின்னராசா வேண்டுமென்று உட்காரவில்லை. தலையில் வாளியைத் தொப்பியாகக் கவிழ்த்துக்கொண்டு, இடுப்பை ஒடித்து, துரைசாணி நடப்பதுபோல் நடந்து காட்டினான். பங்களாச் சமையல்காரர் பொன்னையா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு மரியாதையாக இன்னும் ஓர் அடி பின்னால் வைத்தான். படக்கென்று ஒரு சத்தம். செடியின் நடுத்தண்டு இரண்டாகப் பிளந்துவிட்டது. முட்கள் எங்கெல்லாம் ஏறின என்பதை தேயிலைத் தோட்டக் கூலிகள் குடியிருக்கும் லயத்தில் யாரிடமும் காட்ட முடியாது.

லேசுப்பட்ட செடியா அது? எண்பது வருடத்துக்கு முன் முதல் துரை பிரான்சு தேசத்திலிருந்து கொண்டுவந்தது. அதன் பெயர் துரைமார் வாயில்தான் நுழையும். கப்பலில் தன் பங்குக் குடிதண்ணீரை ஊற்றிக் காப்பாற்றினாராம். விருந்துக்கு வருகிறவர்கள் கேட்டு உருகும் கதை. லயத்துக் கதை வேறு. இந்தியாவிலிருந்து வந்து மன்னாரில் இறங்கி நடந்த கூட்டத்தோடு, ஒரு கூலியின் தலையில் அந்தத் தொட்டியும் வந்ததாம். நடுக்காட்டில் கடைசிக் குவளைத் தண்ணீர் செடிக்குப் போனது. சுமந்தவன் தாகத்தில் அங்கேயே போய்ச் சேர்ந்தான். அதனால்தான் தண்ணிகுடிச்சான் என்று பெயர். அதை ஒடித்தவன் வீட்டில் மூன்று நாளில் ஓர் உயிர் போகும் என்று கதைக்கு ஒரு வாலும் உண்டு.

இன்று மூன்றாம் நாள். சின்னராசாவின் அண்ணன் செல்லசாமி, முப்பது வருடமாக அந்தச் செடியைப் பார்த்துவந்த தோட்டக்காரர், லயத்து வாசலில் பாடையில் கிடந்தார்.

எழவுக்கு வந்தவர்கள் எல்லோரும் உட்கார்ந்திருக்க, சின்னராசா மட்டும் நின்றான்.

"அண்ணன் மேல என்னா மருவாத பாருங்க! காலையில இருந்து ஒக்காரவே இல்ல" என்று பக்கத்துக் காம்பரா அறைக் காளியாயி மூக்கைச் சிந்தினாள். அவன் மறுக்கவில்லை. பிறந்ததிலிருந்து அவனை ஒருத்தர் மெச்சுவது இதுதான் முதல் தடவை. அதுவும் பின்பக்கத்து முள்ளுக்காக.

வெள்ளிக்கிழமை துரை வந்து பார்த்தபோது அண்ணன்தான் முந்திக்கொண்டார். "நாந்தாங்க தொர, ஏணி சரிஞ்சிருச்சு." சின்னராசா பக்கத்தில்தான் நின்றான். எதற்கும் ஒரு பகடி வைத்திருக்கும் அவன் வாய் அன்றைக்குப் பூட்டிக்கொண்டது. "செடி செத்தா காம்பராவ விட்டுப் போயிரணும்" என்றார் துரை. இலங்கைக்குச் சுதந்திரம் வந்து இரண்டு வருடமாகியிருந்தது. பங்களாவுக்கு இன்னும் வந்துசேரவில்லை.

ஏற்கெனவே நெஞ்சில் சளி கட்டியிருந்த அண்ணன் பிளந்த தண்டைத் தும்புக் கயிற்றால் கட்டி, களிமண்ணும் சாணியும் குழைத்து அப்பினார். தை மாதத்து உறைபனி விழுகிற சமயம். தன் கம்பளியைக் கழற்றிச் செடிக்குப் போர்த்திவிட்டு, மூன்று இரவும் வெறும் சட்டையோடு அதன் பக்கத்தில் குந்தியிருந்தார். அந்த மூன்று இரவும் சின்னராசா தன் கம்பளிக்குள் குப்புறப் படுத்திருந்தான். மல்லாக்கப் படுக்க முடியாத கஷ்டம் அவனுக்கு.

இன்று விடிந்தபோது அண்ணன் செடியடியிலேயே சாய்ந்து கிடந்தார்.

"சின்னராசா, அந்தக் கம்பளிய எடுத்தாப்பா" என்றார்கள். செத்தவனோடு அவன் கம்பளியும் குழிக்குள் போவது அந்த லயத்து வழக்கம்.

பங்களாத் தோட்டத்துக்குப் போய்க் கம்பளியின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தான். ஓர் இலைகூடக் கருகவில்லை. மொட்டு ஒன்று தடித்திருந்தது.

"தொட்டுறாத!" பொன்னையா ஓடிவந்தார். "பனி நிக்கிற வரைக்கும் எடுக்கப்படாதுன்னு தொர உத்தரவு."

"இது எங்கண்ணன் கம்பளிண்ணே."

"சொன்னேன்டா. பொறகு புதுசா ஒண்ணு தாராராம்."

"யாருக்கு?"

பொன்னையா கம்பளியின் ஓரத்தை இழுத்துச் செடியை மூடினார்.

"அண்ணே, நான் ஒடிச்சத நீங்க பாத்தீங்கள்ல. அந்தச் சாபம்... மெய்தானாண்ணே?"

"எல்லாம் விதிடா" என்று அவர் உள்ளே போய்விட்டார்.

செல்லசாமி ஒரு கொழுந்துச் சாக்கைப் போர்த்திக்கொண்டு தேயிலைக்கு நடுவே குழிக்குள் இறங்கினார். கொழுந்து நிறுத்துப் பார்க்கும் கணக்கப்பிள்ளைதான் இல்லை.

ஆற்றில் குளித்துவிட்டுத் திரும்பியபோது, அண்ணன் பெண்சாதி ராக்காயி தனியாகக் காம்பராவுக்குள் இருந்தாள். சின்னராசா ஈரத்துணியோடு வாசலில் நின்றான்.

"மதினி, செடிய ஒடிச்சது நாந்தான்."

"தெரியும். அவரு சொன்னாரு."

"அப்ப அந்தச் சாபந்தானே அண்ணன..."

"சாபமா?" ராக்காயி நிமிர்ந்தாள். "பூத் திருடுற பயலுகளப் பயங்காட்ட ஒங்கண்ணன் கட்டுன கத அது. இந்த அடுப்படியில குந்தித்தான் கட்டுனாரு. ஒரு வருசத்துல உசுரு போகும்னு வச்சாரு. அம்புட்டு நாளைக்கு எவன் பயப்படுவான், மூணு நாளுன்னு சொல்லுங்கன்னு சொன்னவ நான்."

அவனுக்குச் சிரிப்புக்கூட வரப் பார்த்தது.

"அப்பறம் எப்புடி மதினி?"

"'நாந்தான் தொர'ன்னு நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா, பனியில நீ குந்தியிருப்ப. ஒனக்கு நெஞ்சு நல்லா இருக்கு. செத்திருக்க மாட்ட." எழுந்து பானைப் பக்கம் போனாள். "செடி கொல்லல தம்பி. நீதான் கொன்ன."

சொல்லிவிட்டு, பானையிலிருந்து ஒரு குவளை தண்ணீர் மொண்டு அவன் முன்னால் வைத்தாள்.

மூன்று நாளில் முதல் தடவையாகச் சின்னராசா உட்கார்ந்தான், முழுப் பாரத்தோடு.