அது வேற எரிச்சல்

ரைட்டுக்கு எது நடந்தாலும் வயிற்றில்தான் நடக்கும். முப்பது வருடம் பஸ் கண்டக்டராக இருந்து, "ரைட்டு, போலாம்" என்று கத்திக் கத்தியே அந்தப் பட்டப்பெயரை வாங்கியவர். டிக்கெட் பரிசோதகர் வண்டியில் ஏறினால் அவர் வயிற்றில் புளியைக் கரைக்கும். மகள் பரீட்சையில் தேறிவிட்டால் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருக்கும். தம்பி புதிதாக எதையாவது வாங்கினால் வயிறு எரியும். அதை மனசுக்குள் வைத்துக்கொள்ளவும் தெரியாது. தம்பியின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுச் சிரிப்பார்.

அவர் மனைவி ஜன்னல் திரை தைக்கும் கடையில் வேலை பார்ப்பவள். இந்த வயிற்றுப் புராணத்தைக் கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக் காது புளித்துப் போனவள். அதனால்தான் அன்று காலையில் கோட்டை விட்டாள்.

இதய ஆபரேஷன் முடிந்து நாலாவது நாள். முந்தின நாள்தான் அவரைத் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். எட்டரை மணிக்குத் தம்பி வந்தான், புதுக் காரின் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு.

"அண்ணே, வீட்டுக்குப் போற அன்னிக்கு நம்ம வண்டியிலதான் போறோம். அலுங்காம குலுங்காம கொண்டுபோய் எறக்கிடுவேன்."

"வயிறு எரியுதுடா," என்றார் ரைட்டு.

தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "நெஞ்சைப் பொளந்து தச்சிருக்காங்க, இன்னும் அந்தக் குணம் மட்டும் போகல பாருங்க."

"இல்லம்மா, நெஜமாவே எரியுது."

'நெஜமாவே' என்பதும் அவர் வழக்கமாகச் சேர்த்துக்கொள்ளும் சொல்தான். ரத்த அழுத்தம் பார்க்க வந்திருந்த நர்ஸ் திரும்பிக் கேட்டாள். "என்ன சார், வயித்துல ஏதாவது பண்ணுதா?"

அவர் வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள். "அது வேற எரிச்சல் சிஸ்டர். தம்பி கார் வாங்கியிருக்கார். நீங்க கண்டுக்காதீங்க."

நர்ஸும் சிரித்துவிட்டுப் போனாள். ரைட்டும் லேசாகச் சிரித்தார். நாலு பேர் சிரிக்கிற இடத்தில் சிரிக்காமல் இருக்க அந்த மனிதருக்குத் தெரியாது, அதுதான் வினை.

கொண்டுவந்த பிரெட்டை அவர் தொடவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கார் விஷயத்தில் முறுக்கிக்கொண்டிருக்கிறார் என்று அவளும் விட்டுவிட்டாள். ஒரு மணிக்கு அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். நெற்றியெல்லாம் வியர்வை.

"வலிக்குது," என்றார்.

அவ்வளவுதான். புளியும் இல்லை, பாலும் இல்லை. வயிற்றைப் பற்றி அவர் இப்படி மொட்டையாக ஒரு வார்த்தை சொல்லி அவள் கேட்டதே கிடையாது. அவள் ஓடிப்போய் நர்ஸைக் கூப்பிட்டாள்.

டியூட்டி டாக்டர் வந்தார். சின்ன வயசு, ஆனால் நிதானமானவர். வயிற்றை நாலு இடத்தில் அழுத்திப் பார்த்தார். "மெத்துனுதான் இருக்கு. பெரிய ஆபரேஷனுக்கப்புறம் குடல் கொஞ்சம் சோம்பேறித்தனம் பண்ணும். காத்தா இருக்கலாம். எப்போ ஆரம்பிச்சுது?"

"இப்பத்தான் டாக்டர், ஒரு மணிக்கு," என்றான் தம்பி.

டாக்டர் அதை எழுதினார். "சாயங்காலம் சர்ஜன் வருவார். அதுவரைக்கும் பார்ப்போம்."

அவள் அந்தப் பேனாவையே பார்த்தாள். வாயைத் திறந்தால் பழி யார் தலையில் விழும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். கொழுந்தன் நிற்கிறான். காலையில் வந்த நர்ஸும் பக்கத்திலேயே நிற்கிறாள். பேசாமல் இருந்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

"ஒரு மணி இல்ல டாக்டர். எட்டரைக்கே சொன்னார். சிஸ்டர் என்னன்னு கேட்டாங்க. நான்தான் வேற எரிச்சல்னு சொல்லி அனுப்பிட்டேன். தப்பு என்னுது."

டாக்டரின் பேனா நின்றது. "எட்டரையிலேருந்தா? விட்டு விட்டு வலிக்குதா சார்?"

"விடவே இல்ல."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேனே," என்றார் ரைட்டு.

அந்த ஒரு வார்த்தையில் அவள் செத்துப் பிழைத்தாள். டாக்டர் படுக்கையின் கால்மாட்டில் தொங்கிய தாள்களைப் புரட்டினார். இரண்டு நாளாக இதயத் துடிப்பு தாளம் தப்பியிருந்தது. "அழுத்தினா மெத்துனு இருக்கு, வலி மட்டும் இவ்வளவு இருக்கு. ரெண்டும் பொருந்தல," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனை எடுத்தார். இருபது நிமிஷத்தில் ரைட்டை ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

ஸ்கேனைப் பார்த்துவிட்டு வெளியே வந்த சர்ஜன் சுற்றி வளைக்கவில்லை. "இதயத்துலேருந்து ஒரு ரத்தக்கட்டி போயி, குடலுக்கு ரத்தம் போற குழாயை அடைச்சிருக்கு. ரத்தம் போகலன்னா குடல் அழுகிடும். உடனே வயித்தைத் திறக்கணும்."

"பொழைச்சுக்குவாரா டாக்டர்?"

"சாயங்காலம் வரைக்கும் விட்டிருந்தா என்கிட்ட பதில் இருந்திருக்காதும்மா. இப்ப வாய்ப்பு இருக்கு."

பெஞ்சில் தம்பி அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். சாவி சட்டைப்பைக்குள் போயிருந்தது. "அண்ணி, நான் அந்தச் சாவியைச் சுத்தாம இருந்திருக்கலாம்."

"சாவி என்ன பண்ணும் தம்பி? எனக்குத்தான் காது இருந்திருக்கணும்."

வெளிச்சம் மங்கும்போது சர்ஜன் வந்தார். அடைப்பை எடுத்தாயிற்று, ஒரு முழம் குடலை மட்டும் வெட்ட வேண்டியதாயிற்று, மிச்சத்துக்கு நிறம் திரும்பிவிட்டது என்றார். துணி அளந்து பழகிய கை, அவளை அறியாமலே முழங்கையிலிருந்து விரல் நுனிவரை ஒருமுறை அளந்து பார்த்தது. பிறகுதான் அவள் அழுதாள்.

பத்து நாள் கழித்து அதே வார்டில் ரைட்டு தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஸ்பூன் ஸ்பூனாகத் தண்ணீர் உள்ளே போகத் தொடங்கியிருந்தது. தம்பி வெறுங்கையோடுதான் வந்தான். ஆனால் வாய் சும்மா இருக்குமா?

"அண்ணே, வீட்டு மாடியில ரெண்டு ரூம் கட்டலாம்னு இருக்கேன்."

"வயிறு எரியுது..."

அவர் முடிப்பதற்குள் அவள் கட்டிலோரத்து மணியை அழுத்திவிட்டாள். நர்ஸ் ஓடி வந்தாள்.

"ஐயோ, ஒண்ணும் இல்ல சிஸ்டர்!" ரைட்டு இரண்டு கையையும் ஆட்டினார். "இது வேற எரிச்சல்! பழைய எரிச்சல்! நம்ப மாட்டியாம்மா?"

"நம்பறேன்," என்றாள் அவள். மணியிலிருந்து கையை எடுக்கவில்லை. "எந்த எரிச்சலா வேணா இருக்கட்டும். சிஸ்டர், நாலு மணி பத்து நிமிஷம். எழுதிக்கோங்க."