வர்பானிச் கண்ட ஒழுங்கு

குரோவேஷியத் தலைநகர் ஸாக்ரெபில் எங்கள் ஆய்வகத்துக்குத் தலைவர் டிஹோமிர் வர்பானிச். நாங்கள் ஆராய்ந்த பச்சைப் படிகங்களில் செப்பு அணுக்கள் இரண்டிரண்டாக ஜோடி சேர்ந்திருக்கும். ஜோடியில் ஒன்றின் காந்தம் மேலே பார்த்தால் மற்றது கீழே பார்க்கும்; இரண்டும் ஒன்றையொன்று அமுக்கிவிடும். எவ்வளவு குளிர்வித்தாலும் படிகம் முழுக்க ஒரே காந்த ஒழுங்கு வராது. வெளியிலிருந்து பலத்த காந்தப்புலம் கொடுத்தால்தான் வரும். இது வர்பானிச்சுக்கும் தெரியும், ஒரு செவ்வாய்க்கிழமை வரை.

அன்று படிகத்தைக் கண்ணாடிக் குழாயில் போட்டு மூடி, குளிர்வித்து, சிறு புலத்தில் அளந்த வரைபடத்தில் ஒரு மேடு எழுந்தது. பெரிய புலமில்லாமலே ஒழுங்கு வந்துவிட்டதென்று அறிவித்து, எல்லோருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தார். பத்திரிகைப் படத்துக்காக வெள்ளைக் கோட்டைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார்.

படிகங்களை வளர்த்தவள் அவருடைய நெடுநாள் சகா யாசென்கா.

"காலிக் குழாய வச்சு ஒரு தடவ அளந்து பாத்துடலாமே, டிஹோமிர்."

"காலிக் குழாயில என்ன இருக்கப் போவுது?"

"அதத்தான் பாக்கலாங்கறேன்."

"உனக்கு வயித்தெரிச்சல். கேக்கச் சாப்பிடு."

அவள் சாப்பிட்டாள். அவரும் நானும் இத்தாலியில் திரியெஸ்த் நகரில் நடந்த கருத்தரங்குக்குக் கிளம்பியதும், காலிக் குழாயை அளந்தாள். அதே மேடு. மூடி சரியாக அடையாமல் காற்று புகுந்து, அதிலிருந்த ஆக்சிஜன் உறைந்து, அது தன் காந்த ஒழுங்கைக் காட்டியிருக்கிறது. உடனே போனில் கூப்பிட்டாள்.

"அது வெறும் காத்து, டிஹோமிர். மேடையில சொல்லிடாதீங்க."

"நல்ல காரியத்துக்குப் போறப்பதான் உனக்கு இதெல்லாம் தோணும்," என்று வைத்துவிட்டார்.

அவர் பேசி முடித்ததும் முன்வரிசையில் ஓர் இத்தாலியப் பெண் கை தூக்கினாள்.

"காலிக் குழாய அளந்தீங்களா?"

வர்பானிச் நிதானமாகத் தண்ணீர் குடித்தார். "எங்க ஆளுங்க பாத்துக்கிட்டிருக்காங்க," என்றார். அரங்கமே சிரித்தது. திரும்பும் ரயிலில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தவர், லூப்லியானா தாண்டியதும் என் பக்கம் திரும்பினார்: "நீயாவது சொல்லியிருக்கலாம்ல?"

அந்தக் குளிர்காலத்தில் யாசென்கா படிகங்களை எடுத்துக்கொண்டு ஜெர்மனியில் பெரிய காந்தம் இருக்கும் இடத்துக்குப் போனாள். அங்கே பலத்த புலத்தில், கடுங்குளிரில், ஜோடிகள் பிடி தளர்ந்து உண்மையான ஒழுங்கு வந்தது. அவள் முடிவுகளைக் காட்டியபோது வர்பானிச் எழுந்தார்.

"ஒழுங்கு வரும்னு நான் அப்பவே சொன்னேன்."

"சொன்னீங்க. பேப்பர்லகூட வந்துச்சு," என்றாள் யாசென்கா. நாங்கள் காப்பிக் கோப்பைகளுக்குள் குனிந்துகொண்டோம்.

எங்கள் ஆய்வுக் கட்டுரைகளில் எப்போதும் அவர் பெயர்தான் முதலில் இருக்கும். இந்த முறை அவள் அகரவரிசையில் போட்டுவிட்டாள். எங்கள் குரோவேஷிய எழுத்துகளில் வர்பானிச்சின் 'வ' ஏறக்குறையக் கடைசி.