பூசணி எர்னஸ்ட் வளர்த்த தக்காளி

தக்காளி இருவகைப்படும். ஒன்று நாட்டுத் தக்காளி. மற்றொன்று ஹைப்ரிட் தக்காளி. முன்னது குப்பைமேட்டிலும் தானே முளைத்துக் கோணலாகக் காய்க்கும். பின்னது உருண்டையாகவும் ஒரே அளவாகவும் காய்க்கும். ஆனால் அதற்குக் கொம்பு நட வேண்டும். பக்கக் கிளைகளைக் கிள்ள வேண்டும். சொன்ன நாளில் சொன்ன அளவு உரம் இட வேண்டும். இந்த வேறுபாட்டை என் மனைவியின் அண்ணன் கிருபானந்தத்துக்கு விளக்க முயன்று நான் இழந்த பொறுமைக்கு அளவே இல்லை.

நான் புத்தூர் ரயில் நிலையத்தில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். எங்கள் சபையில் அறுப்புப் பண்டிகை அன்று ஒவ்வொரு குடும்பமும் தன் கையால் விளைவித்த ஒன்றை ஆலயத்து மேசைமேல் படைப்பது வழக்கம். 1978ஆம் ஆண்டுப் பண்டிகையில் நான் ஒரு பெரிய பூசணிக்காயைப் படைத்தேன். அது சந்தையில் வாங்கியது. காணிக்கைகளைப் பதிவு செய்யும் தபீதாள் அம்மாளிடம், "எங்க கொடில காய்ச்சது, வேணும்னா வந்து பாருங்க" என்றும் கூறிவிட்டேன். பண்டிகைக்காக ஏர்பேட்டிலிருந்து வந்திருந்த கிருபானந்தம் அக்காயைத் தூக்கிப் புரட்டிப் பார்த்தார்.

"ஏ மாப்ளே, இது என் தோட்டத்துக் காயி! திருடு போவாம இருக்க பிஞ்சிலயே நகத்தால சிலுவ கீறுவேன். இதோ பாரு, அடியில இருக்குது! வியாழக்கெழம சந்தையில யாவாரிக்கி நான்தானே வித்தேன்!"

சபை முழுவதும் சிரித்தது. அன்றுமுதல் என் பெயர் பூசணி எர்னஸ்ட். ரயில் நிலையத்திலும், "இன்னா பூசணி, பாசஞ்சர் வந்துட்ச்சா?" என்றே கேட்டனர். அடுத்த பண்டிகையில் என் மண்ணில் விளைந்ததைப் படைத்து இப்பெயரை ஒழிப்பது என உறுதி பூண்டேன்.

திருப்பதியில் நாற்றுத் தோட்டத்தில் வேலை செய்யும் நண்பர் தியோடர், பெங்களூரிலிருந்து வந்த ஹைப்ரிட் விதைப் பொட்டலம் ஒன்றைக் கொடுத்தார். அதனுள் நான்கு மொழிகளில் அச்சிட்ட தாள் இருந்தது. நாற்பத்தொன்றாம் வயதில் இரவுப் பள்ளியில் எழுத்துக் கற்ற நான், அதன் தமிழ்ப் பகுதியை எழுத்துக் கூட்டாமல் என் மனைவி லோயிஸுக்கு வாசித்துக் காட்டினேன். தாளில் கண்டவாறே குவார்ட்டர்ஸின் பின்புறத்தில் ஆறு செடிகளை நட்டுக் கொம்பும் ஊன்றினேன்.

புத்தூரில் வீடு உடையவனுக்கு ஒரு தண்டனை உண்டு. எலும்பு முறிந்த உறவினர் யாவரும் பேர்போன புத்தூர்க் கட்டுப் போட்டுக்கொள்ள இங்கு வருவர். வந்தவர் நம் வீட்டிலேயே தங்குவர். டிசம்பர் மாத இறுதியில் கிருபானந்தம் புளியமரத்திலிருந்து விழுந்து இடக்கையை முறித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். எலும்பு வைத்தியர் வீட்டில் பச்சிலையும் முட்டை வெள்ளைக்கருவும் தடவி, மூங்கில் பட்டைகள் வைத்துக் கட்டினார்கள். மூன்று கட்டுகள் முடியும் வரை ஊருக்குப் போவதில்லை என்று அவர் தோட்டத்திலேயே கட்டிலைப் போட்டுக்கொண்டார்.

"இன்னா மாப்ளே, தக்காளிக்கு ஊனுகோலா? கை ஒடஞ்சது எனக்கு. செடிக்கு இன்னா ஆச்சி?"

"இது ஹைப்ரிட், மச்சான். கொம்பு இல்லாட்டி காய் மண்ல படும். தாள்ல போட்டிருக்குது."

"நீ தாளையா துன்னப் போற? காயத்தானே துன்னப் போற!"

ஒருநாள் நான் டியூட்டி முடிந்து வருகையில், மூன்று செடிகளின் நுனிக்குருத்தைக் கிள்ளி வைத்திருந்தார். "பக்கக் கெளையத்தானே கிள்ளச் சொன்ன? படுத்துக்கினு பாத்தா எல்லாமே பக்கமாத்தான் தெரியுது" என்றார். அவை மேலே வளரவுமில்லை, காய்க்கவுமில்லை. மற்றவற்றுள் இரண்டு, வாடுகிறதே என்று அவர் ஊற்றிய தண்ணீரில் வேர் அழுகின. நான் கத்தினேன். லோயிஸ் என்மீதே பாய்ந்தாள்.

"எங்கண்ணன் ஒத்தக் கையால ஒத்தாச பண்ணிக்கினு கீது. அத்தப் போயி கத்துறீங்களே!"

எஞ்சியது ஒரு செடி. அதில் பதினொரு காய்கள். பண்டிகைக்கு ஒரு வாரம் இருக்கையில் கிருபானந்தத்தின் கடைசிக் கட்டைப் பிரித்தார்கள். அன்று மாலை கட்டிலிலிருந்து எழுவதற்கு, அவர் கேலி செய்த அதே கொம்பைத்தான் பிடித்தார். கொம்பும் முறிந்தது, செடியின் தண்டும் பாதி முறிந்தது.

"உறுதியா இருக்கும்னு நெனச்சேன் மாப்ளே" என்றார்.

நான் தொங்கிய தண்டைத் தாங்கிப் பிடித்தேன். அவரோ உள்ளே போய், தம் கையிலிருந்து பிரித்த மூங்கில் பட்டைகளையும் துணியையும் எடுத்துக்கொண்டு, லோயிஸிடம் ஒரு முட்டையும் வாங்கி வந்தார். தண்டை நிமிர்த்தி, வெள்ளைக்கரு தடவி, பட்டை வைத்துக் கட்டினார்.

"செடிக்கு எலும்பா இருக்குது, மச்சான்?"

"எனுக்குக் கூடலியா? ஒரு வாரம் யாரும் ஆட்டக் கூடாது" என்று வைத்தியர் குரலில் சொன்னார். தாளில் இதைப்பற்றி ஒரு சொல்லும் இல்லை. இருப்பினும் செடி வாடவில்லை. ஐந்தாம் நாள் பதினொன்றும் சிவந்தன. தாளில் கண்டவாறே, அனைத்தும் ஒரே அளவு.

பண்டிகை அன்று கூடையை மேசைமேல் வைத்தேன். தபீதாள் அம்மாள் ஒரு பழத்தை எடுத்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எர்னஸ்ட்டு, போன வருசம் நம்மூரு சந்த. இந்த வருசம் பெங்களூர் சந்தையா?"

"வீட்ல காய்ச்சதும்மா."

"வீட்டுச் செடில பதினொண்ணும் அச்சுல வாத்தாப்பல காய்க்குமா?"

"வந்து செடியப் பாருங்கம்மா!"

"போன வருசமும் கொடிய வந்து பாருன்னுதானே சொன்ன?"

மீண்டும் சிரிப்பு. எந்த ஒரே அளவுக்காக நான்கு மாதம் உழைத்தேனோ, அதுவே என்னைப் பொய்யனாக்கியது. கோணல் பழமாக இருந்தால் நம்பியிருப்பார்கள்! அப்போது கிருபானந்தம் எழுந்து வந்து ஒரு பழத்தை எடுத்து, சென்ற ஆண்டு போலவே புரட்டிப் பார்த்தார்.

"தபீதாக்கா, இதுல சிலுவ இல்ல. என்னுது இல்ல. மாப்ள செடிதான். ஒடச்சதும் நான்தான், கட்டு போட்டதும் நான்தான்."

சிரிப்பு அடங்கியது. என்னைக் காட்டிக்கொடுத்தவரே சொன்னதால் எவரும் ஐயுறவில்லை. தபீதாள் அம்மாள் பதிவேட்டில் எழுதினார். நான் எட்டி வாசித்தேன்: 'எர்னஸ்ட், தக்காளி பதினொன்று. சொந்த விளைச்சல். கட்டுப் போட்டவர் கிருபானந்தம்.' கடைசி வாக்கியம் தேவையற்றது என்பதே இன்றளவும் என் கருத்து.

ஆராதனைக்குப் பிந்தைய ஏலத்தில் அவற்றுள் ஒரு பழத்தை எடுத்தவரும் அவரே. வீட்டுக்கு வந்ததும் அதைப் பிதுக்கி, விதைகளைச் சாம்பலில் பிசைந்து, அடுத்த போகத்துக்கென்று என் சுவரில் அப்பத் தொடங்கினார். ஹைப்ரிட் பழத்தின் விதையை மீண்டும் விதைத்தால் அதே பழம் கிடைக்காது எனத் தாளில் தெளிவாக அச்சிட்டிருக்கிறது. தாளை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன்.

"இன்னா மாப்ளே?" என்றார், கைநிறையச் சாம்பலோடு.

லோயிஸைத் தவிர்த்தால், அந்தப் பதினொரு பழங்களும் என் மண்ணில் விளைந்தவை என்பதற்கு எனக்கிருக்கும் ஒரே சாட்சி அவர்.

"ஒண்ணுமில்ல, மச்சான்" என்று தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன்.