பரவாயில்லை, மேடம்

சிங்கப்பூர் ஜாலான் புசாரில் ஒரு இரும்புச் சாமான் கடையின் மாடியில் ஞாயிறுதோறும் வகுப்பு எடுக்கிறேன். பாடம், அலுவலகத்துக்கு எழுதுவது, எழுதியதைத் திருத்துவது. கீழே இரும்பு அறுப்பார்கள், மேலே நான் அறுப்பேன். கீழே போடும் சத்தமே பரவாயில்லை என்று மாணவர்கள் நினைப்பது முகத்தில் தெரியும்.

சங்கீதா அந்த வகுப்பில்தான் வந்து சேர்ந்தார். வெளிநாட்டுத் தொழிலாளர்கள் தங்கும் டார்மிட்டரிகளுக்குச் சாப்பாடு அனுப்பும் ஒரு சமையற்கூடத்தில் சூப்பர்வைசர். விடியுமுன் கட்டுகிற மதியச் சாப்பாட்டை ஆட்கள் வேலை சைட்டில் பிரிக்கும்போது நண்பகல். சாம்பார் அதற்குள் முகம் மாறிவிடும். மதியச் சாப்பாட்டைத் தனியாக அனுப்பக் காலை பத்து மணிக்கு இன்னொரு லாரி வேண்டும் என்று மேலாளருக்கு இரண்டு முறை எழுதியிருந்தார். இரண்டு முறையும் நன்றி சொல்லிப் பதில் வந்ததே தவிர, லாரி வரவில்லை.

அந்த மின்னஞ்சலை வாங்கிப் படித்தேன். ஆங்கிலம்தான். ஆனால் உள்ளே நம் ஊர்க் கல்யாண வீடு. மேடம் நலமா, பிள்ளைகள் நலமா, தொந்தரவுக்கு மன்னிக்கவும், உங்கள் தலைமையில் எல்லாம் நன்றாக நடக்கிறது. லாரி கடைசி வரியில், பந்திக்குப் பிந்தி வந்த விருந்தாளி மாதிரி நின்றது. அதற்கும் கீழே, ‘முடியாவிட்டாலும் பரவாயில்லை, மேடம்.’

“அவங்க முடியலன்னு எடுத்துக்கிட்டாங்க. நீங்கதானே பரவாயில்லன்னு சொல்லிட்டீங்க?” என்றேன்.

“அது சும்மா மரியாதைக்கு சார்!”

“மேடத்துக்கு அது தெரியாதே.”

“அந்த வரிய எடுத்தா திமிரு புடிச்சவன்னு நெனைக்க மாட்டாங்களா?”

பின்வரிசையில் இருந்த முபாரக், டார்மிட்டரியில் தங்கும் கப்பல் பட்டறைத் தொழிலாளி, குரல் கொடுத்தார். “சங்கீதாக்கா, உங்களுக்குப் பரவாயில்லையா? கெட்டுப்போன சாம்பார் எங்களுக்குல்ல வருது!”

சங்கீதா அவரை முறைத்தார். பிறகு மடிக்கணினித் திரையை முறைத்தார். நான் ஒரு நல்ல ஆசிரியனைப் போல வாயை மூடிக்கொண்டேன். இது எனக்கு அபூர்வமாக வாய்க்கும் திறமை. என் மனைவி ரக்ஷனா இன்னும் நேரில் பார்த்ததில்லை.

முதல் திருத்தத்தில் பிள்ளைகள் போனார்கள். அடுத்ததில் தலைமை போனது. லாரி மேலே ஏறியது. ‘பரவாயில்லை’ மட்டும் அசையவில்லை. விரலை அழிப்பு விசைமேல் வைப்பார், எடுப்பார். வகுப்பு முடிந்து விளக்கை அணைக்கப் போகும்போது, கண்ணை மூடிக்கொண்டு அழித்தார். அந்த இடத்தில் எழுதினார்: ‘ஒரு டார்மிட்டரியில் ஒரு மாதம் செய்து பார்க்க அனுமதி வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் உங்கள் முடிவைச் சொல்ல முடியுமா?’

இந்த வரியை நான் சொல்லித்தரவில்லை. சொல்லித்தந்தது நான்தான் என்று பிற்பாடு சிலரிடம் சொல்லியிருக்கிறேன்.

“அனுப்பிட்டேன் சார். வேல போனா உங்க வீட்டுலதான் சாப்பாடு.”

“தாராளமா வாங்க. ஆனா எங்க வீட்டு சாம்பார் கட்டும்போதே அப்படித்தான் இருக்கும்.”

அடுத்த சில வாரங்கள் அவர் வகுப்புக்கு வரவில்லை. வேலை போய்விட்டதோ என்று ஞாயிறுதோறும் வாசலைப் பார்த்தேன். ஒரு ஞாயிறு, தேக்கா சந்தையில் வாங்கிய வடைப் பொட்டலத்தோடு வந்து நின்றார்.

“லாரி ஓடுது சார்! புது ஷிஃப்ட்டு, அதான் வர முடியல. இத கேளுங்க.”

கைப்பேசியில் ஒரு தொழிலாளியின் குரல். “அக்கா, இன்னிக்கி சோத்தப் பிரிச்சா ஆவி வருதுக்கா. பசங்க எல்லாம் போட்டோ புடிக்கிறானுங்க.”

“இன்னொரு தடவ போடுங்கக்கா,” என்றார் முபாரக். போட்டார். யாரும் வடையைத் தொடவில்லை.

“யாரு எழுதித் தந்தாங்கன்னு மேடம் கேட்டாங்க சார்.”

“என்ன சொன்னீங்க?” கொஞ்சம் நிமிர்ந்து நின்றேன்.

“நானே எழுதினேன், நாலு தடவ திருத்தினேன்னு சொன்னேன்லா.”

என் பெயர் எந்தத் திருத்தத்தில் போனதோ! இருந்தும் என் நெஞ்சு சட்டைப் பொத்தானைச் சோதித்தது.

“மத்த டார்மிட்டரிக்கும் கேக்கப் போறேன்,” என்று மடிக்கணினியைத் திறந்தார். நான் எட்டிப் பார்த்தேன்.

“உக்காருங்க சார். மொதல்ல நான் எழுதி முடிக்கிறேன்.”

உட்கார்ந்தேன். ஒரு வேலையும் செய்யாமல் அவ்வளவு பெருமையோடு நான் எங்கும் உட்கார்ந்ததில்லை.